கொத்தனார் வேலை எங்கள் குலத்தொழில் இல்லை

(கடையநல்லூரில் அப்பாவின் படத்திறப்பு நிகழ்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



அம்மாதான் பேசியிருக்க வேண்டும். "நீதான படிச்சவ, நீ பேசு" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

அப்பா பதினாலு வயதில் கையாளாக வேலைக்குப் போனார். கல்லும் சாந்துச் சட்டியும் சுமக்கிற வேலை. எங்கள் தெரு ஆட்களுக்கு அப்போது அதுதான் எல்லை. கரண்டியைக் கையில் பிடிக்க எட்டு வருஷம் ஆனது. கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், மீந்த கலவையைக் குட்டிச்சுவரில் பூசிப் பார்ப்பாராம். காய்வதற்குள் வழித்துச் சட்டியில் போட்டுவிட வேண்டும். கலவை குறைந்தால் ஏச்சு விழும். அப்படித் திருட்டுத்தனமாகக் கற்ற வித்தை. பின்னாளில் அவர் பூசிய சுவரில் மட்டப்பலகையை எங்கே வைத்தாலும் ஊடே வெளிச்சம் தெரியாது.

இந்த ஊரின் கதை உங்களுக்குத் தெரியும். தறிக்குழியில் காலை விட்டு நெய்த ஊர். குடும்பம் குடும்பமாகச் சிங்கப்பூருக்குக் கப்பலேறிய ஊர். அங்கே 1941-லேயே கடையநல்லூர் பெயரில் முஸ்லிம் லீக் அமைத்து, 1946-ல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் தொடங்கினார்கள் நம்மூர் மக்கள். பிறகு வளைகுடா. அந்தப் பணம் இங்கே வீடுகளாக எழும்பியபோது எழுப்பிய கைகளில் அப்பாவின் கையும் உண்டு. சாரம் கட்டிக்கொண்டு சாரத்தில் நின்றார். (சென்னைத் தோழர்களுக்காக: நம்மூரில் கைலிக்கும் சாரம் என்றுதான் பெயர்.) அந்த வீடுகளில் பெருநாளைக்கு அவரை ஒரே பாயில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்.

எல்லா வீடும் அப்படியில்லை. ஒரு வீட்டில் அஸ்திவாரத்திலிருந்து அடுப்படிவரை அவர் வேலைதான். பால் காய்ச்சிய அன்று அவருக்கு வாசலோடு சரி. காபி பேப்பர் கப்பில் வந்தது. பேப்பர் கப் வந்த பிறகு இரட்டைக் குவளையைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாகிவிட்டது! வீட்டுக்கு வந்து அப்பா சொன்னது இவ்வளவுதான்: "அடுப்படித் தரையில தண்ணி சரியா வாட்டம் பிடிச்சு ஓடுதான்னு ஒரு தடவ பாக்கணும்னு நெனச்சேன். விடல."

ஆனி, ஆடியில் சாரல் இறங்கினால் வெளிப்பூச்சு வேலை கிடையாது. கூலியும் கிடையாது. அம்மாவுக்கு அது கடன் மாதம், எனக்கும் தம்பிக்கும் அப்பா கிடைக்கிற மாதம். சுண்ணாம்பும் சிமெண்டும் அரித்த விரல்களால் எனக்குச் சடை பின்னிவிடுவார், முடி சிக்கி வலிக்கும். வருஷத்துக்கு ஒருநாள் ஐந்தருவி. பிறந்தநாளன்று கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, தலையில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் கோடு போடுவார். குதிகாலைத் தூக்கி ஏமாற்ற முடியாது.

ஒரு கருத்தரங்கில், அப்பா கொத்தனார் என்றதும் ஒரு பேராசிரியர், "அருமை, பாரம்பரியத் தொழிலறிவு" என்று பாராட்டினார். கோபம் வந்தது. பாரம்பரியம் அவருக்குக் கொடுத்தது சாந்துச் சட்டியை மட்டும்தான். அரை நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைப் பெரியார் குலக்கல்வி என்று எதிர்த்தார். 1954-ல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் விஸ்வகர்மா திட்டம் வந்தது. 18 தொழில்கள், அதில் கொத்தனாரும் உண்டு. 18 வயதிலேயே சேரலாம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது.

அப்பாவிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா. எங்கூட வேல பாக்கிற பயலுக்கு மிஷின் வாங்க யாரு கடன் குடுப்பா?" என்றார். அன்று என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "ஆனா பதினெட்டு வயசுல உன் தம்பி கையில கரண்டியக் குடுக்கவா நான் சட்டி சுமந்தேன்?" என்றார்.

அவருடைய கரண்டியையும் தூக்குக்குண்டையும் அம்மா அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டாள். அவன் எங்கள் சொந்தம் இல்லை, எங்கள் சாதியும் இல்லை. அப்பாவிடம் ஆறு வருஷம் கற்றவன். அதோ, கடைசி வரிசையில் நிற்கிறான். ரசமட்டத்தை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன வாரம் என் மகளை அதே கதவு நிலையில் நிறுத்தி அளந்தோம். மூன்று வயதில் நான் இருந்ததைவிட இரண்டு விரல்கடை உயரமாக இருக்கிறாள்.