“பில் கேட்டியா?”: குற்றமும் தண்டனையும் பற்றி ஒரு கடைக்காரரின் பேச்சு

(சங்கத்தின் குடும்ப நாள் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை. பொன்விழா மலருக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)

 

சட்டத்தைப் பற்றிப் பேச வழக்கறிஞரை அழைத்திருக்கலாம். நம் உறுப்பினர்களில் இருவர் இருக்கிறார்கள். நான் அத்தரும் செண்டும் விற்பவன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் வர்த்தகப் பட்டயம் படித்தபோது வணிகச் சட்டம் ஒரு பாடம். அதில் ஒப்பந்தம் வந்தது, குற்றம் வரவில்லை. குற்றத்தைப் பற்றி நான் படித்தது போலிஸ் நிலைய நாற்காலியில்.

அப்போது எனக்கு 24 வயது. அத்தாவின் கடையை நான் பார்க்கத் தொடங்கிய முதல் வருடம். தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் ஓர் ஆளை அழைத்து வந்தார். பெரிய கம்பெனி செண்ட், சீல் பிரிக்காத 40 பெட்டி. மொத்த விலையே ஒன்று 60 வெள்ளி. அவர் கேட்டது 25 வெள்ளி. “ரொக்கமாத் தந்தா இப்பவே இறக்கிடுறேன்” என்றார். ஆயிரம் வெள்ளி எண்ணிக் கொடுத்தேன். நல்ல வியாபாரம் செய்துவிட்டதாக அன்றிரவு எனக்குப் பெருமை.

மூன்று வாரம் கழித்து இரண்டு அதிகாரிகள் கடைக்கு வந்தார்கள். அந்த ஆள் ஒரு கிடங்கில் வேலை பார்த்தவர். முதலாளியின் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவந்து விற்றிருக்கிறார். மீதமிருந்த 31 பெட்டிகள் என் அலமாரியில் வரிசையாக நின்றன. அள்ளிக்கொண்டு போனார்கள். என்னையும் வரச் சொன்னார்கள்.

அன்று மாலை வீடு திரும்பியதும் அத்தா கேட்டது ஒரே கேள்வி.

“பில் கேட்டியா?”

“இல்லை அத்தா.”

“ஏன் கேட்கலை?”

எனக்குப் பதில் வரவில்லை. கேட்டிருந்தால் அவர் இல்லை என்பார். இல்லை என்றால் நான் வாங்க முடியாது. அதனால்தான் கேட்கவில்லை. இதை அத்தாவிடம் சொல்லவில்லை; அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தொகுப்பின் 411ஆம் பிரிவு திருட்டுப் பொருளை நேர்மையின்றி வாங்குவதைப் பற்றியது. 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் மட்டும் குற்றம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்தும் வாங்கினாலும் குற்றம் என்கிறது அந்தப் பிரிவு. 60 வெள்ளிச் சரக்கு 25 வெள்ளிக்கு, பில் இல்லாமல், ரொக்கத்துக்கு மட்டும். காரணம் போதாதா?

கடைசியில் என் மீது வழக்குப் போடவில்லை. நான்கு மாதம் கழித்துக் கடுமையான எச்சரிக்கை கொடுத்து அனுப்பினார்கள். அது நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. ஆயிரம் வெள்ளி போனது போனதுதான். அந்த நான்கு மாதத்தில் நான் தூங்கிய நாள்கள் குறைவு.

இத்தனை வருடம் வெளியில் சொல்லாததை இன்று மேடையில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் சொந்தத்தில் 19 வயதுப் பிள்ளை ஒருவன், நண்பன் கேட்டான் என்று வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டான். 300 வெள்ளி கிடைத்தது. யாரோ ஏமாந்து அனுப்பிய பணம் அந்தக் கணக்கு வழியாகப் போயிருக்கிறது. அவன் தாயார் என்னிடம் வந்து அழுதார்: “அவனுக்கு ஒண்ணும் தெரியாதே தம்பி.” என் அத்தாவின் கேள்விதான் எனக்கு ஞாபகம் வந்தது.

குற்றவியல் சட்டம், என்ன நடந்தது என்று மட்டும் பார்ப்பதில்லை; நடந்தபோது மனம் எங்கே இருந்தது என்றும் பார்க்கிறது. பத்தாவது மாடியிலிருந்து ஒரு பூந்தொட்டி விழுந்து கீழே போனவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். கொல்ல வேண்டும் என்றே குறி பார்த்துப் போட்டிருந்தால் அது கொலை, மரண தண்டனை. விழக்கூடும் என்று தெரிந்தும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விளிம்பில் வைத்திருந்தால் அது அசட்டைத் துணிவு. 5 ஆண்டு வரை சிறை. யோசிக்காமலே வைத்தார், யோசித்திருக்க வேண்டும் என்றால் கவனக்குறைவு. 2 ஆண்டு வரை. எல்லா ஏற்பாடும் சரியாகச் செய்திருந்தும் யாரும் எதிர்பாராத விதமாக விழுந்திருந்தால் அங்கே குற்றமே இல்லை. தொட்டி ஒன்று, மரணம் ஒன்று. மாறுவது மனம்தான். பத்து வயதுக்குட்பட்ட குழந்தை என்ன செய்தாலும் நம் சட்டம் அதைக் குற்றமாக எடுப்பதில்லை என்பதும் இதனால்தான்.

மனத்தைப் பார்க்கும் இந்தச் சட்டம் ‘எனக்குத் தெரியாது’ என்பதை எவ்வளவு தூரம் ஏற்கும்? 2019ல் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை விளக்கியது. நைஜீரியாவிலிருந்து பெட்டி கொண்டுவந்தவர், பெட்டிக்குள் போதைப்பொருள். ஒருவர் தெரிந்தே கண்ணை மூடிக்கொண்டார் என்று சொல்வதற்கு மூன்றும் வேண்டும் என்றார்கள்: மனத்தில் தெளிவான சந்தேகம் எழுந்திருக்க வேண்டும்; விசாரித்துப் பார்க்க வழி இருந்திருக்க வேண்டும்; சந்தேகம் உண்மையாகிவிடுமோ என்றே விசாரிக்காமல் விட்டிருக்க வேண்டும். அந்த மனிதர் விடுதலையானார். ஆனால் அந்த மூன்றாவது வரி இருக்கிறதே, அது நான் அத்தாவிடம் சொல்லாமல் விழுங்கிய பதில்.

ஊருக்குப் போய் வரும்போது “இந்தப் பையை என் மச்சான் வீட்டில் கொடுத்துடுங்க” என்று தருவார்கள். முகத்துக்காக வாங்கிக்கொள்கிறோம். குற்றத்தை அரசுத் தரப்புதான் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் போதைப்பொருள் சட்டத்தில், போதைப்பொருள் இருந்த பை உங்கள் வசம் இருந்தது என்று நிரூபித்துவிட்டால், உள்ளே இருந்ததும் உங்கள் வசமே, அது என்ன பொருள் என்றும் உங்களுக்குத் தெரியும் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளலாம். இல்லை என்று காட்டுவது அதன்பின் உங்கள் பொறுப்பு. பையைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கோபித்துக்கொள்பவர் கோபித்துக்கொள்ளட்டும்.

வங்கிக் கணக்கிலும் இப்போது இதே கண்டிப்பு வந்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல், அடுத்தவர் பணத்தைக் கைமாற்ற உதவுவதில் அசட்டைத் துணிவும் கவனக்குறைவும்கூடக் குற்றம். சிங்பாஸ் விவரத்தைக் கொடுப்பது தனிக் குற்றம். “நண்பன்தானே கேட்டான்” என்பது எதற்கு என்று கேட்டவருக்குத்தான் உதவும்.

குற்றங்களை வகைப்படுத்துவது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முதலாளிமார்களும் கடைப் பிள்ளைகளும் இதை மட்டும் கேளுங்கள். கல்லாவிலிருந்து 500 வெள்ளி காணாமல் போகிறது.  கடை ஊழியர் திருடினால் 7 ஆண்டு வரை. கல்லாவையே நம்பி ஒப்படைத்த ஊழியர் கையாடினால் அது நம்பிக்கை மோசடி, 15 ஆண்டு வரை. அதே ஐந்நூறு வெள்ளிதான். உடைந்த நம்பிக்கையின் அளவு வேறு. இவை உச்ச வரம்புகள். 500 வெள்ளிக்கு யாரும் 15 ஆண்டு போவதில்லை.

இன்னொன்று. ஆத்திரத்தில் புகார் கொடுத்துவிட்டு, மறுநாள் “வாபஸ் வாங்கிக்கிறேன்” என்று போகிறோம். குற்ற வழக்கு நமக்கும் அவருக்கும் நடப்பதல்ல, அரசுக்கும் அவருக்கும் நடப்பது. சமரசத்துக்கு இடமுள்ள குற்றங்கள் சில இருக்கின்றன. அவற்றிலும் விசாரணை தொடங்கிய பின் அரசுத் தரப்பின் சம்மதம் வேண்டும். ‘பிணையில் விட முடியாத குற்றம்’ என்று கேட்டதும் வீடே இடிந்துபோகிறது; அதற்குப் பிணையே கிடையாது என்று பொருள் இல்லை. பிணை உரிமையாகக் கிடைக்காது, அதிகாரியோ நீதிமன்றமோ முடிவு செய்யும், அவ்வளவுதான்.

இந்தத் தொகுப்பு நமக்கு அந்நியமானதும் அல்ல. மெக்காலே வரைந்த இந்தியச் சட்டத்தைப் பார்த்து 1871ல் இங்கே இயற்றப்பட்டது. ஏமாற்றுக்காரனை நம் ஊரில் ‘நானூத்தி இருபது’ என்பார்களே, அந்த மோசடிப் பிரிவு எண் இங்கும் 420. இந்தியாவில் 2024 ஜூலையில் எண் மாறிவிட்டது. இங்கே இன்னும் அதேதான்.

தண்டனைக்கு வருகிறேன். செய்ததற்குப் பலன், மற்றவருக்கு அச்சம், சமூகத்துக்குப் பாதுகாப்பு, செய்தவர் திருந்துதல் என்று நான்கு நோக்கங்களை நீதிமன்றம் எடைபோடுகிறது. 21 வயதுக்குட்பட்டவர்களிடம் பொதுவாகத் திருந்துதலுக்கு முதலிடம் தருவார்கள். என் சொந்தக்காரப் பிள்ளைக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு கிடைத்தது. மாதாமாதம் அதிகாரியைப் பார்க்கிறான், படிப்பைத் தொடர்கிறான். நம்மில் சிலர் அவனை இன்னும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. நீதிமன்றம் கொடுக்காத தண்டனை அது. எந்தப் பிரிவில் கொடுக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: 3 மாதத்துக்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர் 5 ஆண்டு தவறின்றி இருந்தால், சில விதிவிலக்குகள் போக, அவர் பதிவைச் சட்டமே கழிந்ததாக எடுத்துக்கொள்கிறது.

பிள்ளைகளைப் போலிஸ் அழைத்தால் முதலில் பொய் சொல்லாதீர்கள். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடும் எதையும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. சொன்னதைப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். எனக்கு அவசரம், வாசிக்காமல் போடப் பார்த்தேன். அந்த அதிகாரிதான், “பொறுமையாப் படிங்க தம்பி” என்றார்.

நேரம் முடிந்துவிட்டதென்று செயலாளர் கை காட்டுகிறார், பிரியாணியும் வந்துவிட்டது. சட்டத்தில் சந்தேகம் இருப்பவர்கள் முன்வரிசையில் இருக்கும் நம் வழக்கறிஞரைச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடியுங்கள். செண்ட் வேண்டுமென்றால் கடைக்கு வாருங்கள், பில்லோடு தருகிறேன். வஸ்ஸலாம்.