'சரிம்மா' என்று சொல்லும் பிள்ளைகள்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கோவில் வாசலில் ஒரு தாய் காத்திருந்தார். மகன் பெங்களூருவில் கணினி வேலையில் இருக்கிறான். "சாமி, கடவுளே இல்லைன்னு அவன் சண்டை போட்டாக்கூடப் பரவாயில்ல, ஏதாவது பதில் சொல்லலாம். பூசைக்குப் போனியான்னு கேட்டா 'சரிம்மா, போறேம்மா'ங்கறான். போக மாட்டான்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றார். நான் வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன். ஜெபியுங்கள், ஒரு தியானத்துக்கு அனுப்பிப் பாருங்கள் என்றேன். "சரி சாமி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரும் எனக்கு ஒரு 'சரிம்மா' சொல்லிவிட்டுத்தான் போனார் என்று பிறகுதான் உறைத்தது.

திருத்தூதர் பணிகள் 17-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பவுல் லிஸ்திராவில் கல்லெறி பட்டவர், பிலிப்பியில் சிறை கண்டவர். ஏதென்சில் அவருக்குக் கல்லும் இல்லை, சிறையும் இல்லை. சிலர் கேலி செய்தார்கள். வேறு சிலர், இதைப் பற்றி இன்னொரு நாள் கேட்கிறோம் என்று நாகரிகமாக நழுவினார்கள். நம்பியவர்களில் தியோனிசியு, தாமரி என்று இருவர் பெயர்தான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ஆக, இந்தத் தொல்லை கைப்பேசியோடு வந்ததல்ல.

இன்று உங்களுக்கு ஒரு பெண்ணை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். பெயர் மதலேன் டெல்ப்ரேல். பிரான்சில் 1904-இல் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே கடவுளை விட்டுவிட்டார். பதினேழு வயதில், கடவுள் இறந்துவிட்டார், இனி சாவுதான் ஆட்சி செய்கிறது என்ற கருத்தில் ஒரு கட்டுரையே எழுதினார். அப்படிப்பட்டவர் 1924-இல் மனம் திரும்பினார்.

எப்படி? யாரும் அவரோடு வாதாடி வெல்லவில்லை. அவருடைய நண்பர் வட்டத்தில் சில கிறிஸ்தவ இளைஞர்கள் இருந்தார்கள். இவரைப் போலவே படித்தவர்கள், இவரைப் போலவே பேசிச் சிரித்தவர்கள். ஆனால் அவர்களுக்குக் கடவுள் மூச்சுக் காற்றைப் போலத் தேவைப்பட்டார். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை, கடை விரிக்கவும் இல்லை. இவர்களுக்கு இவ்வளவு உண்மையாக இருக்கிறவர் ஒருவேளை இருக்கக்கூடுமோ என்று மதலேன் யோசித்தார். யோசித்ததோடு நிற்காமல், முழந்தாளிட்டு ஜெபித்துப் பார்த்தார்.

1933-இல் இரண்டு தோழிகளோடு பாரிசை அடுத்த இவ்ரி என்ற ஆலை நகரத்தில் குடியேறினார். கம்யூனிஸ்டுகள் ஆண்ட நகரம் அது. சாகும்வரை, முப்பத்தொரு ஆண்டுகள், அங்கேயே வாழ்ந்தார். சமூகப் பணியாளராக நகராட்சியிலும் வேலை பார்த்தார். ஏழைத் தொழிலாளிக்காக ஓடியாடி உழைத்த கம்யூனிஸ்டுத் தோழர்களை மனதார மதித்தார்; அவர்களோடு சேர்ந்து உழைத்தார். கட்சியில் சேர்ந்துவிடலாமா என்ற ஈர்ப்புகூட அவருக்கு இருந்தது. நற்செய்தியை மறுபடி படித்தார், சேரவில்லை. எதிரியையும் அன்பு செய்யச் சொன்னவரை விட்டுவிட அவரால் முடியவில்லை. தம் கடவுளைப் பற்றி அவர்களிடம் மூடி மறைத்ததும் இல்லை.

1964-இல், தம் வாழ்வின் கடைசி மாதங்களில் பேசிய ஓர் உரையில் அவர் சொன்ன கருத்து என்னை விடாமல் குடைகிறது. கடவுளைத் தேடாத மக்கள் நடுவே வாழ்வது நமக்கு ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். அவரோ, நாம் மனம் திரும்புவதற்கு அதுவே நல்ல வாய்ப்பு என்கிறார். எல்லாரும் கோவிலுக்குப் போகிற ஊரில் நானும் போவேன். ஏன் போகிறேன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். யாருமே போகாத ஊரில், ஏன் போகிறேன் என்று நானே என்னைக் கேட்டாக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 13 அன்று அவர் இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2018-இல் அவரை வணக்கத்திற்குரியவர் என அறிவித்தார்.

என் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். திருப்பலி முடிவில் நான் வாசிக்கும் அறிவிப்புகளில் கொடியேற்றம், தேர், கோவில் வரி, மண்டப வாடகை எல்லாம் வரும். ஆண்டவர் எனக்கு யார் என்று என் வாயிலிருந்து அந்த மக்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்? எண்ணிப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பையனும் நம் பீடச் சிறுவனாக இருந்தவன்தான். அவனுக்கு ஜெபங்கள் எல்லாம் மனப்பாடம். ஜெபிக்கிற மனிதரைப் பக்கத்திலிருந்து பார்த்தானா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தாயை நாளை போய்ப் பார்க்கப் போகிறேன். கணவர் இறந்த ஆண்டில் தினமும் விடியற்காலையில் கோவிலில் தனியாக உட்கார்ந்திருந்தவர் அவர். அங்கே ஆண்டவரிடம் என்ன பேசினார், என்ன கேட்டார், எந்த நாளில் அழுகை நின்றது என்பதை மகனிடம் ஒரு முறையாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்கப் போகிறேன். சொல்லவில்லை என்றால், அடுத்த முறை மகனோடு பேசும்போது 'பூசைக்குப் போனியா' என்ற கேள்வியை விட்டுவிட்டு, இதைச் சொல்லச் சொல்வேன். அதற்கும் அவன் 'சரிம்மா' என்று சொல்லலாம். சொல்லட்டும்.