பாலை ஆற்றிக் கொடுப்பது போல

நடுவர் அவர்களே! அவையிலே அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

"பெற்றோர் பட்ட துயரத்தைப் பிள்ளைகளிடம் மறைப்பதே நல்லது" என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டு அமர்ந்தார். 'ஆறின புண்ணை ஏன் கிளறணும்'னு கேட்டார். ஐயா, ஆறின புண்ணா அது? மேலே தோல் மூடியிருக்கு. உள்ளே சீழ் இருக்கு! (கைதட்டல்)

நான் ஒரு சமுதாயத்தையே சாட்சிக்குக் கூப்பிடுறேன். பர்மா, அதாவது இன்றைய மியான்மர், அதன் தென்கிழக்கு மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள் கரென் மக்கள். 1949-இல் அங்கே தொடங்கிய உள்நாட்டுப் போர் இன்னும் ஓயவில்லை. ஊரைக் கொளுத்தினான், நெல்லைக் கொளுத்தினான். காடு தாண்டித் தாய்லாந்துக்கு ஓடினார்கள். 1984 முதல் எல்லையோர முகாம்களிலே மூங்கில் குடிசை வாழ்க்கை. 2005 தொடங்கி பல்லாயிரம் பேர் அமெரிக்காவில் குடியேறினார்கள். மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரம் அவர்களுக்கு இன்னொரு சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஊர்ப் படிவத்திலே ஒரு கட்டம்: 'குடும்பப் பெயர்'. கரென் வழக்கத்திலே குடும்பப் பெயரே கிடையாதுங்க! அப்பாவுக்கு ஒரு பேரு, அம்மாவுக்கு ஒரு பேரு, அஞ்சு பிள்ளைக்கு அஞ்சு பேரு. நமக்காவது இனிஷியல் இருக்கு! (சிரிப்பு) அப்போ பேரு சேர்த்து வைக்காத அந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைக்கிறது எது? கதைதான் ஐயா!

ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். ஊரெல்லாம் வாணவேடிக்கை. அப்படி ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. வெடிச்சத்தம் கேட்டதும் அப்பா விளக்கை அணைச்சிட்டு மூலையிலே ஒடுங்குறார். "என்னப்பா?" "ஒண்ணுமில்ல, போய்ப் படு." உண்மைக் கதையை நாம சொல்லலைன்னா, பிள்ளை தானா ஒரு கதை கட்டிக்கும்: 'அப்பாவுக்கு என்மேல கோபம்.' உண்மையைவிட அந்தக் கதை கொடுமை இல்லையா?

"அஞ்சு வயசுப் பிள்ளைகிட்ட பிணத்தையும் நெருப்பையும் சொல்லணுமா?" வேண்டாம் ஐயா! பாலை ஆற்றித்தானே குழந்தைக்குக் கொடுக்கிறோம்? கதையையும் ஆற்றிக் கொடுப்போம்! (பலத்த கைதட்டல்) "இந்தச் சத்தம் அப்பாவுக்குப் பழைய துப்பாக்கிச் சத்தம் மாதிரி இருக்கு. உன்மேல கோபமில்லடா கண்ணு." இன்னைக்கு இது போதும். மிச்சத்தை வயசு வளர வளரச் சொல்லலாம். அப்பாவால் பேச முடியலையா? வற்புறுத்தாதீங்க. அம்மா சொல்லட்டும், பாட்டி சொல்லட்டும்.

பாட்டி இடுப்பிலே தறி கட்டி நெய்த துணி, கல்யாணமாகாத பெண்கள் உடுத்துகிற நீண்ட வெள்ளை அங்கி, மலைச்சரிவு நெல்வயல். இதையும் சொல்லட்டும். துயரத்தை மறைக்கப் போனால் ஊரையும் சேர்த்தல்லவா மறைக்கிறோம்!

கரென் பெரியவர்கள் வழிவழியாச் சொல்ற கதை ஒண்ணு. கடவுள் அவர்கள் முன்னோருக்கு ஒரு புத்தகம் கொடுத்தாராம்; கவனக்குறைவாலே அது தொலைஞ்சு போச்சாம். நடுவர் அவர்களே! புத்தகம் தொலைஞ்சுது, தொலைஞ்ச கதை தொலையலை! ஏன்? யாரோ ஒரு தாய், யாரோ ஒரு பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கிட்டே இருந்தாள்!

ஆகவே, சொல்வதே மருந்து என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)