ஓரிரு இடங்களில் இடிமழை



கோடை நாட்களில் வானொலியில் ஓர் அறிவிப்பு அடிக்கடி ஒலிக்கும்: “வெப்பம் மிகுந்திருக்கும், மாலையில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.” எந்த ஊர் என்று சொல்லக் கூடாதா என இதனை எள்ளி நகையாடுவோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அச்சொற்களில் மழுப்பல் இல்லை, கணக்கு உண்டு என்பதையே இன்று கூற விழைகிறேன்.

ஒரு பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களுள் கால் பங்குக்கு மிகாதவற்றில் மழை எதிர்பார்க்கப்பட்டால், வானிலைத் துறையினர் அதனை ‘ஓரிரு இடங்கள்’ என்பர். கால் பங்குக்கு மேல் அரைப் பங்கு வரையாயின் ‘சில இடங்கள்’ என்பர்.

ஊரின் பெயரை ஏன் கூற இயலவில்லை? சித்திரை, வைகாசித் திங்களில் பகலெல்லாம் நிலம் காய்கிறது. 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், கடலோர நகரமாகிய சென்னையிலேயே வெப்பம் 45 டிகிரி செல்சியசை எட்டியது. சூடேறிய காற்று இலேசாகி மேலெழுகிறது. கடலிலிருந்து வரும் ஈரம் அதனோடு சேர்ந்தால், உயரத்தில் குளிர்ந்து மேகமாகிறது. அம்மேகம் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் வளரும். அதனுள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மின்னூட்டம் பிரிந்து, மின்னல் பிறக்கிறது.

இத்தகைய தனிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டரே. அதன் ஆயுளோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். உலை கொதிக்கும் என்று முன்கூட்டியே துணிந்து சொல்லலாம். முதற்குமிழி எங்கே எழும் என்று சொல்லுதல் அரிது. மேகம் உருவான பின்னரே ராடார் அதன் இருப்பிடத்தைக் காட்டும்.

ஆதலின், முன்னறிவிப்பு நிற்கும் இடத்தில் நம் கண்ணும் செவியும் பணியைத் தொடர வேண்டும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அடுத்தது உங்கள் வயலிலேயே விழலாம். மழைத்துளி வரட்டும் என்று காத்திராதீர்கள். மரத்தடியை நாடாமல், உறுதியான கட்டடத்திற்குள் செல்லுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை வெளியே வராதீர்கள்.

இந்தியாவில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மின்னலுக்கு இரையாகின்றனர். வயல்வெளியில் உழைப்போரே அவர்களுள் மிகுதி. இந்த எளிய கணக்கு ஏடறியாத உழவருக்கும் கைவரக்கூடியது. அதனை உங்கள் இல்லத்தாருக்குக் கற்பியுங்கள். ‘ஓரிரு இடங்கள்’ என்று இனிக் கேட்கும்போது, அவற்றுள் ஒன்று நம் ஊராகவும் இருக்கலாம் என்று கொள்ளுங்கள்.