உதிர்ந்த வித்தும் ஊறிய நீரும்



மாமல்லபுரத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி உள்ளது. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தோன்றியது. தோலுக்காகப் பாம்பைக் கொல்லும் தொழிலை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தது. அதன்பின் இருளர்கள் நஞ்சை மட்டும் எடுத்துப் பாம்பை உயிருடன் காட்டில் விடலாயினர். அந்நஞ்சே பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள். பயனைப் பெறுவதற்கு உயிரைப் பறிக்க வேண்டுவதில்லை என்பதற்கு இது சான்று. தாவரங்களினின்றும் இவ்வாறே பயன்கொள்ள இயலுமா என்பதே இங்கு ஆராய்தற்குரியது.

இலேசியை ஆறனையும் விளக்கும் நாவல் மரக் கதையைச் சமணச் சிறாரும் அறிவர். பசித்த அறுவருள் ஒருவன் மரத்தை வேரோடு பெயர்க்க எண்ணினான். ஏனையோர் அடிமரம், பெருங்கிளை, சிறுகிளை, கனி எனப் படிப்படியாகத் தணிந்தனர். ஆறாமவன் தரையில் உதிர்ந்த கனியே போதும் என்றான்.

மூலிகைப் பொருள் பிரிப்போரும் இவ்வறுவருள் அடங்குவர். சந்தன எண்ணெய் மரத்தின் வைரத்திலும் வேரிலும் உறைதலால், அதனை வேண்டுவோர் மரத்தையே அகழ்ந்து வீழ்த்துகின்றனர். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கத்தார் மூலிகைகளை நாற்றங்காலில் வளர்க்கின்றனர். காட்டை வறிதாக்காமல் பயன்கொள்ளும் வழி அது. வேம்போ, தன் சிறந்த பொருளைத் தானே உதிர்க்கும் வித்தில் வைத்துள்ளது. அப்பொருளின் பெயர் அசாடிராக்டின். பூச்சியின் உண்ணும் விருப்பத்தைத் தடுத்து, தோலுரித்து வளர்வதையும் குலைப்பது அது. ஆய்வுக்கூடத்தில் அதனைச் செயற்கையாக ஆக்க அறிஞர்களுக்கு 22 ஆண்டுகள் வேண்டியிருந்தன. 2007-இல்தான் அம்முயற்சி நிறைவேறியது.

எதனை எடுப்பது என்பது ஒரு வினா. எதனைக் கொண்டு எடுப்பது என்பது மற்றொன்று. ஆலைகள் பலவற்றில் வித்தின் எண்ணெயைப் பிரிக்க ஹெக்சேன் பயன்படுகிறது. அது பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது, எளிதில் தீப்பற்றுவது, அதன் ஆவியை நெடுநாள் சுவாசிக்கும் தொழிலாளரின் நரம்புகளைக் கெடுப்பது. இதற்கு மாற்றாகக் கரியமில வாயுவை 31 பாகை வெப்பத்திற்கு மேல், வளிமண்டலத்தைப் போல் 73 மடங்கிற்கு மேற்பட்ட அழுத்தத்தில் வைத்தால், அது நீர்மம் போலக் கரைக்கும் ஆற்றல் பெறுகிறது. அழுத்தம் நீங்கியதும் வாயுவாகிப் பிரிந்துவிடும், எச்சம் நில்லாது. காப்பிக் கொட்டையினின்று காஃபீனை நீக்க இம்முறை பயன்படுகிறது. ஆயினும் அதற்கான கருவிகள் பெருஞ்செலவின.

உழவர்க்கு நீரே போதும். 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராகப் பெருக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்தால் 5 விழுக்காட்டுக் கரைசல் ஆகிவிடும். காய்ச்சுதல் கூடாது, வெப்பம் மருந்தைச் சிதைக்கும். வெயிலும் சிதைக்குமாதலின் மாலையில் தெளித்தல் நன்று. எஞ்சிய சக்கை வயலுக்கே உரமாகும்.

இதிலும் புழுக்களுக்குத் துன்பம் இல்லையோ எனில், உண்டு. அதனை மறைத்தல் வாய்மையன்று. எனினும் உழுதொழிலில் முற்றும் தீங்கின்மை அரிது என்பதாலன்றோ இல்லறத்தார்க்கு அணுவிரதம் வகுக்கப்பெற்றது? தெளித்த வயலில் நெடுநாள் தங்கிப் பிறவுயிர்களையும் வருத்தும் நஞ்சுகளை நோக்க, விரைவில் சிதைந்து மறையும் வேம்பின் தீங்கு சிறிது. தீங்கைக் குறைக்கும் வழி கண்முன் இருக்க, மிகுக்கும் வழியைத் தேர்தல் விரதத்திற்கு ஒவ்வாது.

ஆனி, ஆடி மாதங்களில் வேப்பம்பழம் உதிர்கிறது. அதனைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திச் சேமித்தால், மூன்று திங்கள் கழிந்து சம்பாப் பயிருக்கு உதவும். வீட்டு வாயிலில் வேம்பிருந்தும் கடையில் நஞ்சு வாங்கும் குடும்பங்கள், வரும் ஆண்டிலேனும் ஒரு காணிக்கு இதனைச் செய்து பார்த்தல் வேண்டும். வித்துப் பொறுக்கும் பணியைச் சிறாரிடம் ஒப்படைக்கலாம். கதையில் கேட்ட ஆறாமவனின் செயலை அவர்கள் தம் கைகளாலேயே செய்து அறிவர்.