அட்டையில் ஓர் அர்ஜுன்

ஆவடிக்காரர்களுக்கு டாங்க் புதிதல்ல. 1965-இல் இந்தியாவில் செய்த முதல் விஜயந்தா டாங்க் உருண்டு வந்தது அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்துதான். அர்ஜுன் டாங்கை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகமும் ஆவடியில்தான் இருக்கிறது. அந்த அர்ஜுனை அட்டையிலும் பொத்தானிலும் உங்கள் வீட்டு மேசைமேல் நிறுத்தலாம்.

பொம்மைப் படைகளை நகர்த்தி, தூரத்தை அளந்து ஆடும் போர் விளையாட்டுக்கு எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே விதிகள் எழுதிப் புத்தகம் போட்டார். இன்று அதை ஆடுகிறவர்கள் பலர் கைக்கொள்ளும் அளவு, 72-இல் ஒரு பங்கு. அர்ஜுனின் அகலம் 3.86 மீட்டர், 72-ஆல் வகுத்தால் 5.4 சென்டிமீட்டர். பீரங்கிக் குழாயோடு நீளம் 10.64 மீட்டர், அது 14.8 சென்டிமீட்டராகிறது. கத்தரியைத் தொடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கண்ணளவில் வெட்டினால் டாங்க் வராது, பெட்டிதான் வரும்.

உடலுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை போதும், விறைப்பாக நிற்கும். பீரங்கிக் குழாய்க்குத் தீர்ந்துபோன ரீஃபில். பல்பைச் சுற்றி வரும் நெளியட்டையை, நெளிவுகள் குறுக்கே வரும்படி நறுக்கினால் சங்கிலிப் பட்டை தயார். சக்கரத்துக்குச் சட்டைப் பொத்தான், பக்கத்துக்கு ஏழு. ஆறு வைத்தால் அது டி-72 ஆகிவிடும். அதுவும் ஆவடியில் செய்ததுதான், ஆனால் அர்ஜுன் இல்லை. கடையில் வாங்கிய பொம்மையில் சக்கரத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. கையால் செய்கிறவர் எண்ணித்தான் ஆகவேண்டும். பிள்ளைகளைச் செய்ய விடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்தது டாங்க் நிற்கும் தரை. கொலுவுக்குப் பூங்காவும் மலையும் கட்டிய கைகளுக்கு இது சிரமமே இல்லை. தெர்மாகோலை அடுக்கி, மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாளை மேலே போர்த்துங்கள். ஈரம் காயுமுன் சலித்த மணலைத் தூவுங்கள். வண்ணம் பூச நெயில் பாலிஷ் எடுத்தால், அது தெர்மாகோலில் மட்டும் படக்கூடாது. அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

வண்ணத்தில் அவசரம் வேண்டாம். முதலில் முழுக்கக் கரும்பச்சை. நன்றாகக் காய்ந்தபின் தூரிகையில் மணல் நிறம் தொட்டு, துணியில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் விளிம்புகளை மட்டும் வருடுங்கள். மூடிகளும் மூலைகளும் தனியே எடுப்பாகத் தெரியும். அர்ஜுன் படைப்பிரிவுகள் ராஜஸ்தான் பாலைவனத்தில் இருந்தவை. ஆகவே சக்கரங்களில் மணல் நிறம் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும்.