கிளம்ப மறுக்கும் மோட்டார் வண்டி



வடபுலத்தில் குடியேறிய நம்மவர்க்கு மார்கழி, தை மாதங்கள் தரும் தொல்லைகளுள் ஒன்று, விடியற்காலையில் மோட்டார் வண்டி கிளம்ப மறுப்பதாகும். டில்லியில் ஜனவரி விடியலில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. அக்குளிரில் இஞ்சின் எண்ணெய் தடித்துவிடுவதால், இஞ்சினைச் சுழற்ற மிகுந்த வலிமை தேவையாகிறது. அதே வேளையில் பாட்டரியினுள் நிகழும் இரசாயன வினை மந்தமடைகிறது. 0 டிகிரியில் அதன் திறனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். செலவு கூடும் மாதத்தில் வரவு குறைந்த குடும்பத்தின் நிலைதான் அதற்கும்.

முற்காலத்தில் கைப்பிடியைச் சுழற்றியே வண்டியைக் கிளப்பினர். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டின் காடில்லாக் வண்டிகளில் இடம்பெற்றது. தானே கிளப்புவது என்ற பொருளில் எழுந்த 'செல்ப் ஸ்டார்ட்டர்' என்னும் பெயரைச் சுருக்கி, வடநாட்டு மிஸ்திரிகள் 'செல்ப்' என்கின்றனர். இச்சொல்லை நினைவிற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

முதலில் கியர் நடுநிலையில் உள்ளதா, கிளட்ச் மிதிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இவையின்றிக் கிளம்பாத வண்டிகள் பல. பின்னர்ச் சாவியைத் திருப்பிச் செவிகொடுத்துக் கேட்க வேண்டும். ஓசையுமில்லை, விளக்குமில்லை எனில் பாட்டரி முற்றும் வடிந்திருக்கலாம். அன்றி அதன் முனைக் கம்பி கழன்றிருக்கலாம். 'டக் டக்' என்று விரைந்த ஓசை எழுந்து விளக்கு மங்குமாயின், பாட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது முனையில் உப்புப் பூத்திருக்கிறது. விளக்கு ஒளி குன்றாதிருக்க, ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்குமாயின் ஸ்டார்ட்டரையே ஐயுற வேண்டும். இஞ்சின் நன்கு சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை எனில் குற்றம் பெரும்பாலும் பாட்டரியுடையதன்று. பெட்ரோல் வரத்திலோ, ஸ்பார்க் பிளக்கிலோ, சாவியை அடையாளங்காணும் பூட்டமைப்பிலோ தேடவேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் வற்புறுத்த விரும்புவது இதுவே: அறிகுறியைச் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. 'காடி கராப் ஹை' என்று மட்டும் கூறுவோரிடம், தேவையற்ற புதுப் பாட்டரி விற்கப்படுதல் எளிது. சுழலவே இல்லையெனில் 'செல்ப் நஹீ லே ரஹீ' என்க. சுழன்றும் கிளம்பவில்லையெனில் 'செல்ப் லே ரஹீ ஹை, லேகின் ஸ்டார்ட் நஹீ ஹோ ரஹீ' என்க. இவ்விரு வாக்கியங்களும் வெவ்வேறு நோய்களைக் குறிப்பன. ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். அதனை அளந்து பார்க்குமாறு கேட்பதும் நம் உரிமையாகும்.

அயல்வீட்டாரின் வண்டியிலிருந்து மின்சாரம் பெறுவதாயின் வரிசை முக்கியம். சிவப்புக் கம்பியை முதலில் வடிந்த பாட்டரியின் நேர்முனையிலும், பிறகு நல்ல பாட்டரியின் நேர்முனையிலும் மாட்டுக. கறுப்புக் கம்பியின் ஒரு நுனியை நல்ல பாட்டரியின் எதிர்முனையிலும், மறு நுனியை நம் வண்டியின் பாட்டரிக்கு அப்பாலுள்ள வெற்று இரும்பிலும் மாட்டுக. பாட்டரியருகே ஹைட்ரஜன் வாயு தங்கியிருக்கக்கூடும். இறுதி இணைப்பில் எழும் பொறி அதனைத் தீண்டலாகாது. கழற்றும்போது தலைகீழ் வரிசை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. குளிருக்கு அஞ்சி, மூடிய கொட்டகைக்குள் இஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றுதல் ஒருபோதும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறக்கம் போல வந்து உயிரைக் கவர்ந்துவிடும். அலுவலகத்துக்குத் தாமதமாகச் சென்றால் விளக்கம் எழுதித் தந்து தப்பலாம். இதற்கு அத்தகைய விளக்கமில்லை. வண்டியை வெளியே தள்ளிக் கொணர்ந்தபின் சாவியைத் திருப்புங்கள்.